எடைக்குறைப்பு ஆபரேஷனும் முடி உதிர்வும்: டர்பனிலிருந்து ஓர் அனுபவம்

எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிற பெண்கள் வலியைப் பற்றிக் கேட்பதற்கு முன், செலவைப் பற்றிக் கேட்பதற்கு முன், "அக்கா, முடி கொட்டிடுமா?" என்றுதான் கேட்கிறார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில்கூட இந்தக் கேள்வி வந்திருக்கிறது. சர்க்கரை, மூட்டுவலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று எல்லாம் சேர்ந்து ஆளை வாட்டும்போதும், கூந்தல் போய்விடுமோ என்ற பயத்தில் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. நம் வீடுகளில் பெண்ணின் தலைமுடியைப் பார்த்துத்தானே அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பேசுகிறார்கள்.

நான் சொல்லும் பதில் இதுதான். கொஞ்சம் கொட்டும். பெரும்பாலோருக்குத் திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் வளர்வதற்கு உடம்பில் சத்து இருக்க வேண்டும். சத்து இல்லாவிட்டால் முதல் உதிர்வு நீண்டுகொண்டே போகும், அல்லது நின்ற பிறகு ஒரு வருடம் கழித்து இரண்டாவதாக ஒன்று வரும். முதல் உதிர்வை முழுசாகத் தடுக்க யாராலும் முடியாது. இரண்டாவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். இதை எழுதுவதே அந்த இரண்டாவதற்காகத்தான்.

தலையிலுள்ள முடியெல்லாம் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. நூற்றுக்கு 85 முதல் 90 வரை வளரும் கட்டத்தில் இருக்கும். அந்தக் கட்டம் சில வருடங்கள் நீடிக்கும். மீதி முடியில் பெரும்பகுதி ஓய்வில் இருக்கும். ஓய்வுக்காலம் சுமார் 3 மாதம். அது முடிந்ததும் பழைய முடி விழுந்து அதே வேர்ப்பையிலிருந்து புது முடி கிளம்பும். நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்கே தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இதனால்தான். பெரிய ஆபரேஷன், மயக்க மருந்து, சட்டென்று குறைந்துபோன சாப்பாடு, வேகமாக இறங்கும் எடை இவையெல்லாம் ஒன்றாக வந்து தாக்கும்போது, உடம்பு உயிருக்கு அவசியமான வேலைகளைத்தான் முதலில் கவனிக்கிறது. வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெரும் பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அந்த ஓய்வு முடியும்போது எல்லாம் சேர்ந்து கொட்டும். ஆபரேஷன் முடிந்து 3, 4 மாதம் ஆன பிறகு, "இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே, ஏன் கொட்டுகிறது?" என்று திகைப்பது இந்தத் தாமதத்தால்தான். டாக்டர்கள் இதை டீலோஜென் எஃப்ளூவியம் என்பார்கள். பிரசவத்துக்குப் பிறகும், கடும் காய்ச்சலுக்குப் பிறகும் கொட்டுவதும் இதே வகைதான்.

எனக்கும் அப்படியே வந்தது. நான் செய்துகொண்டது ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஆபரேஷன். எடை நன்றாக இறங்கி, ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகி, பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டிக்கொண்டிருந்த சமயம். தலைக்குக் குளித்தால் குளியலறையில் தண்ணீர் போகிற துளையை முடி சுருண்டு அடைத்துக்கொண்டது. தலையணை உறையில், சமையலறை மேடையில், கணவர் சட்டைத் தோளில் என்று எங்கு பார்த்தாலும் என் முடி. உதிர்ந்த ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒரு முனையில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்துத்தான் பலர் அழுகிறார்கள். அது ஓய்வு முடிந்த முடியின் அடிமுனை. வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்த வெள்ளைப் புள்ளி இல்லாமல் சின்னச் சின்னத் துண்டுகளாக விழுந்தால் முடி நடுவில் ஒடிகிறது என்று பொருள். அதற்குக் காரணம் வேறு. பெரும்பாலும் சூட்டு இஸ்திரியும் சாயமும்தான்.

வேர்ப்பை பத்திரமாக இருக்கிறது என்ற செய்தி எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. வேர் சாகவில்லை என்றால் காத்திருக்கலாம். இந்த வகை உதிர்வு பொதுவாக 6 மாதத்துக்குள் அடங்கும். நெற்றியோரத்தில் சீப்புக்கு அடங்காமல் நிற்கும் குட்டை முடிதான் முதல் நல்ல அறிகுறி. ஆனால் மாதம் ஏறக்குறைய 1 செ.மீ. தான் முடி வளரும். பழைய பின்னல் கனத்துக்கு வர ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும் என்று மனசைத் தயார் செய்துகொள்வது நல்லது.

தடுப்பு வேலை ஆபரேஷன் தேதிக்கு முன்பே தொடங்குகிறது. குண்டாக இருக்கிறவர்களுக்குச் சத்துக் குறைவு இருக்காது என்று நினைக்கிறோம். மாதவிடாய் வருகிற பெண்களுக்கு இரும்புச்சத்துக் கையிருப்பு ஏற்கெனவே காலியாக இருக்கலாம். வைட்டமின் டி குறைவு உடல் பருமனோடு சேர்ந்தே வருவது சகஜம். அந்த நிலையில் ஆபரேஷன் மேசைக்குப் போனால் ஆபரேஷனுக்குப் பின் ஈடுகட்டுவது கஷ்டம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டு எல்லாவற்றையும் முன்பே பார்த்து, குறைவாக இருப்பதை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்துகொண்டே ஃபெரிட்டின் அடியில் கிடக்கலாம். முடிக்கு அந்தக் கையிருப்புதான் முக்கியம்.

தென்னாப்பிரிக்காவில் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2003 முதல் இங்கே ரொட்டி மாவிலும் மக்காச்சோள மாவிலும் இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம், பி வகை வைட்டமின்கள், வைட்டமின் ஏ சேர்ப்பது சட்டம். நமக்குத் தெரியாமலே தினமும் ரொட்டியோடு கொஞ்சம் சத்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ரொட்டியும் களியும் தட்டிலிருந்து கிட்டத்தட்டக் காணாமல் போகும். கூடவே அந்தச் சத்தும் நின்றுவிடும். மாத்திரையை விடாமல் போட வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி புரதம். முடி என்பதே கெரட்டின் என்னும் புரதம்தான். ஆபரேஷன் செய்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம், முடிந்தால் 80 கிராம் வரை என்பது பொதுவான இலக்கு. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். நாலு வாய்க்கு மேல் இறங்காத வயிற்றில் 60 கிராம் புரதத்தைச் சேர்ப்பதுதான் முதல் வருடத்தின் முழுநேர வேலை. நம் சாப்பாட்டு முறை இதற்குக் குறுக்கே நிற்கிறது. சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றி, பக்கத்தில் கொஞ்சம் கறி என்றுதானே சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம். ஒரு இட்லியில் 2 கிராம் அளவுக்குத்தான் புரதம். ரசத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை. அந்த இரண்டில் வயிறு நிரம்பிவிட்டால் அன்றைய கணக்கு அவ்வளவுதான்.

என் டயட்டீஷியன் சொன்ன விதி: தட்டில் புரதம் எதுவோ அதை முதலில் சாப்பிடு, அது முடிந்து இடமிருந்தால் காய், அதற்கும் பிறகு இடமிருந்தால் சோறு. டர்பன் சமையலறையில் இதற்கு வழி இருக்கிறது. முட்டை ஒன்றில் 6 கிராம். டின் மீன் 100 கிராமில் சுமார் 18 கிராம். தக்காளி வெங்காயம் வதக்கி அந்த டின் மீனைப் போட்டுக் கொதிக்க வைத்தால், முள்கூட மெத்தென்று ஆகி மசிந்துவிடும். அந்த முள்ளில் கால்சியம், மீனில் பி12, வைட்டமின் டி. ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதைவிட மலிவான நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. அமாசி என்னும் புளித்த பால் ஒரு டம்ளர் குடித்தால் 8 கிராம் அளவுக்குக் கிடைக்கும், வயிற்றையும் உறுத்தாது. சுகர் பீன்ஸ் என்னும் பயற்றுக் கறியும் பருப்பும் நல்லவைதான். அரைக் கப்பில் 7, 8 கிராம் வரும். ஆனால் அதோடு மாவுச்சத்தும் சேர்ந்து வருவதால் வயிறு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதனால் ஆரம்ப மாதங்களில் இலக்கை எட்டப் பருப்பு மட்டும் போதாது. அப்போது டயட்டீஷியன் சொல்கிற வே புரோட்டீன் என்னும் பால் புரதத் தூளை வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம் புரதம் இருக்கிறது, ஆனால் காய்ந்து போனால் தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். குழம்பிலேயே ஊற வைத்து, பிய்த்து, மெதுவாக மெல்ல வேண்டும். பில்டாங் என்னும் உலர்த்திய இறைச்சியில் புரதம் கெட்டியாக இருக்கிறது. உப்பும் கெட்டியாக இருக்கிறது. முதல் சில மாதம் அதைத் தொட வேண்டாம், பிறகும் பல்லில் நன்றாகக் கூழாகும் வரை மெல்ல முடிந்தால் மட்டும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்பது நம்மவர்களுக்குக் கடினமான விதி. என் மாமியார் டொங்காட்டில் பிறந்து வளர்ந்தவர், விருந்தாளிக்குச் சொம்பில் தண்ணீர் வைக்காமல் இலை போட மாட்டார். முதல் மாதங்களில் என்னைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, "என்னம்மா, குருவிகூட இதவிட ஜாஸ்தி கொத்துமே, ரெண்டு கவளம் சோறாச்சும் போட்டுக்கோ" என்பார். அவரிடம் டயட்டீஷியன் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு, "இன்னிக்கு முட்டை ஆச்சா? மீன் ஆச்சா?" என்று அவரே கணக்குக் கேட்க ஆரம்பித்தார். வீட்டில் சமைக்கிற கைக்கு விஷயம் புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

புரட்டாசி வந்தபோது இது மறுபடி தலைதூக்கியது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி முழுக்கக் கறி மீன் கிடையாது. பல வீடுகளில் முட்டையும் கிடையாது. ஆபரேஷன் செய்து சில மாதமே ஆனவர் இந்த மாதத்தில் சோறு, ரசம், பூசணிக்காய், அப்பளம் என்று போய்விட்டால், அதன் விலை தை மாதத்தில் சீப்பில் தெரியும். மூன்று மாதக் கணக்கு இங்கேயும் பொருந்தும். விரதத்தை விடச் சொல்லவில்லை, நானும் இருந்தேன். சோயா மின்ஸை உருளைக்கிழங்கு இல்லாமல் பட்டாணி போட்டுச் சமைத்தேன். பனீர் 100 கிராமில் 18 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, அதை மசாலாவில் புரட்டினேன். டோஃபு, அமாசி, காட்டேஜ் சீஸ், காலையிலும் மாலையிலும் புரோட்டீன் தூள். மரக்கறி மாதம் புரதமில்லாத மாதமாக ஆகவேண்டிய அவசியமில்லை. காவடிக்கு விரதம் இருந்து வெயிலில் ஊர்வலம் நடப்பது வேறு விஷயம். முதல் வருடத்தில் சிறு வயிற்றோடு தண்ணீர் சரியாகக் குடிக்காமல் நடந்தால் மயங்கி விழுவீர்கள். டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம், அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் என் பூசாரியும் சொன்னார்.

என் நாத்தனாரின் கதை, மேலே சொன்ன இரண்டாவது உதிர்வின் கதை. அவள் செய்துகொண்டது இரைப்பை பைபாஸ். முதல் உதிர்வு வந்தது, நின்றது, முடியும் வளர்ந்தது. ஒன்றரை வருடம் ஆன பிறகு மறுபடி கொட்டத் தொடங்கியது. இந்தத் தடவை கொத்தாகக் கொட்டவில்லை, உச்சந்தலையில் முடி மெல்ல மெல்ல அடர்த்தி குறைந்துகொண்டு வந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ஐஸ் கட்டியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தாள். "அண்ணி, ஆபரேஷன் பண்ணினா எல்லாருக்கும் கொட்டும்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள். அந்தப் பதில் 4ஆம் மாதத்துக்குச் சரி. ஒரு வருடம் தாண்டிய பிறகு அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஐஸ் மெல்லும் ஆசை இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று படித்திருந்ததால் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னேன். கையிருப்பு காலி.

பைபாஸில் சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே போகிறது. இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது அங்கேதான். இரைப்பை அமிலமும் குறைவு. அவளுக்கு மாதவிடாயும் அதிகம். மலச்சிக்கல் என்று இரும்பு மாத்திரையை விட்டுவிட்டிருந்தாள். போட்டுக்கொண்டிருந்த நாட்களிலும் காலையில் கால்சியம், இரும்பு, பால் டீ மூன்றும் ஒன்றாக உள்ளே போயிருக்கிறது. கால்சியம் இரும்பைத் தடுக்கும். டீயிலுள்ள டானினும் தடுக்கும். இரும்புக்கும் இவற்றுக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நடுவே இன்னும் அதிகம் விட வேண்டும், 4 மணி நேரம். அவளுக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். களைப்பு வாரக்கணக்கில் போனது, முடி மாதக்கணக்கில் திரும்பியது. இப்போது அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: விடிந்ததும் தைராய்டு மாத்திரை, மதியத்துக்கு முன் இரும்பும் ஒரு கொய்யாத் துண்டும், மாலையிலும் இரவிலும் கால்சியம். டீ வேண்டுமென்றால் ரூய்போஸ் என்னும் மூலிகை டீ, அதில் டானின் குறைவு.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பைபாஸோ ஸ்லீவோ செய்த, மாதவிடாய் உள்ள பெண்களுக்கு நாளுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு, எல்லோருக்கும் கால்சியம் 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வரை பிரித்துப் பிரித்து, சிட்ரேட் வகையாக இருந்தால் நல்லது. இவை பொதுவான வழிகாட்டுதல்கள். உங்கள் அளவை உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் ஜெல்லி மிட்டாய் போன்ற வைட்டமின்களை நம்பாதீர்கள். பலவற்றில் இரும்பே இருப்பதில்லை.

பயோட்டினைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பயோட்டின் குறைவு உண்மையிலேயே இருந்தால் உதவும். இல்லாதவருக்குப் பெரிய டோஸ் பயோட்டின் முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதைவிட ஆபத்து என்னவென்றால், அது தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகளைத் தப்பாகக் காட்ட வைக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. போட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் எடுக்கிற நர்ஸிடம் சொல்லுங்கள். துத்தநாகத்தையும் அளவில்லாமல் விழுங்கக் கூடாது, அது தாமிரத்தைக் குறைத்துவிடும். தாமிரம் குறைந்தால் ரத்தமும் நரம்பும் கெடும். வைட்டமின் ஏயும் செலீனியமும் அளவுக்கு மிஞ்சினால் அவையே முடியைக் கொட்ட வைக்கும்.

தலைமேல் செய்யக்கூடியது குறைவுதான். எண்ணெய் தேய்ப்பதால் முடி ஒடிவது குறையும், மனசுக்கும் இதம். வேருக்குள் அது சத்தை அனுப்பாது. கொட்டும் மாதங்களில் இழுத்துப் பின்னாமல் தளர்வாக விட்டேன். கல்யாண வீடுகளுக்கு முழுப் பந்துப் பூவைத் தொங்கவிடாமல் ஒரு சரம் மட்டும் வைத்துக்கொண்டேன். கனத்தில் இழுபட்டு முன்நெற்றி ஏறிவிடுகிறது. தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டதில் பார்வைக்கு அடர்த்தி கூடியது. மொட்டை போட்டால் கனமாக வளரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேண்டுதல் இருந்தால் தாராளமாக முடியிறக்குங்கள், சாமிக்கு. வேரின் எண்ணிக்கையைக் கத்தி மாற்றாது.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. வட்ட வட்டமாக வழுக்கை விழுந்தால், உச்சந்தலை அரித்துச் செதில் வந்தால், நாக்கு எரிந்தால், பாதம் மரத்துப் போனால், உடனே டாக்டரிடம் போங்கள். தொடர்ந்து வாந்தி எடுத்து எதுவும் தங்காவிட்டால் அது அவசரம். தயமின் என்னும் பி1 சில வாரங்களில் தீர்ந்துபோய் மூளையையே பாதிக்கும், அப்போது முடியைப் பற்றி யோசிக்க நேரமில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வதும் இதே சத்துக் கணக்கால்தான். புதிதாகக் கல்யாணமான பெண்கள் இதை மாமியாரிடமும் கூச்சமில்லாமல் சொல்லிவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனை முதல் வருடத்தில் 3, 6, 12ஆம் மாதங்களில், அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. எடை நின்றுவிட்டது, நன்றாக இருக்கிறேன் என்று மூன்றாம் வருடம் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். என் நாத்தனாருக்கு வந்தது போன்ற உதிர்வு அந்த மாதிரி நேரத்தில்தான் பலருக்கும் வருகிறது. லேபுக்குப் போகும்போது படிவத்தில் ஃபெரிட்டின், இரும்பு, டிரான்ஸ்ஃபெரின் செறிவு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, துத்தநாகம், தாமிரம், ஆல்புமின், தைராய்டு எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், அதனால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையையும் சேர்க்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் "நார்மல்" என்ற ஒரு வார்த்தையோடு திரும்பாமல் தாளைக் கேட்டு வாங்கி, போன வருடத் தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் இன்னும் எல்லைக்குள் இருக்கும்போதே கீழே இறங்கிக்கொண்டிருந்தால், அப்போதே டாக்டரிடம் பேசுங்கள்.